சிகரெட் பாக்கெட்டில் வராத எச்சரிக்கை

1/ புகை பிடிச்சா என்ன வரும்னு கேட்டா, "கேன்சர், ஹார்ட் அட்டாக்"னு எல்லாருமே சொல்லுவாங்க. கண்ணுன்னு சொல்றவங்க குறைவு. கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறவருக்குப் பார்வை மங்கினா "ஃபர்னஸ் சூடு சார்"ன்னுவார். சூடும் ஒரு காரணம்தான். ஆனா சட்டைப் பையில் இருக்கிற பீடிக்கட்டு?

2/ இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல் தொடங்கியது. அது தொடங்கி 20 வருஷம்கூட ஆகாத 1830களிலேயே, கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கன்சி என்ற கண் மருத்துவர், பார்வை இழந்து வந்த பலரிடம் புகையிலைப் பழக்கம் இருப்பதைக் கவனித்து எழுதினார்.

3/ ஆனா சந்தேகம் வேற, நிரூபணம் வேற. உறுதியான கணக்கு வர 1992 ஆச்சு. அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் கண்காணித்தார்கள். தினமும் 20 சிகரெட்டோ அதுக்கு மேலயோ பிடித்தவர்களுக்குக் கண்புரை வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்கு. இதில் வேடிக்கை, அந்த 17,000 பேரும் டாக்டர்கள்!

4/ 1996ல் அடுத்த அடி. விழித்திரையின் மையப் பகுதி தேய்ந்துபோகும் நோயும் புகைப்பவர்களுக்கு 2 மடங்குக்கு மேல் வருது. புரையை ஆபரேஷன்ல சரிபண்ணலாம். விழித்திரையில் போன பார்வையைத் திருப்பித் தர முடியாது.

5/ 2006ல் ஆஸ்திரேலியா, "புகைத்தல் குருடாக்கும்" என்று கண் படத்தோடு பாக்கெட்டிலேயே அச்சடித்தது.

6/ நம்ம நாட்டில்? 1975 சட்டத்தில் ஒரு வரி எச்சரிக்கை. 2009ல் படம் வந்தது. 2016ல் அது பாக்கெட்டின் 85% இடத்தைப் பிடித்தது. நுரையீரல், தொண்டை, வாய் எல்லாம் பார்த்தாச்சு. நான் பார்த்த எந்தப் பாக்கெட்டிலும் கண் இல்லை. அதுவும் டீக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்குறவர் பாக்கெட்டையே பார்க்கிறதில்லை.

7/ வெல்டிங் கண்ணாடி தீப்பொறியையும் ஒளியையும் தடுக்கும். புகையின் நஞ்சு ரத்தம் வழியா உள்ளே இருந்து கண்ணுக்குப் போகுது. அதைத் தடுக்க எந்தக் கண்ணாடியும் கிடையாது. விடுறது ஒண்ணுதான் வழி. விட்டா ஆபத்து மெதுவா குறையும்.

8/ விட நினைக்கிறவங்க 1800-11-2356க்கு கூப்பிடுங்க, கட்டணம் இல்லை. சாவுக்குப் பயப்படாதவங்ககூட கண் போயிடும்னா யோசிப்பாங்க. உங்க வீட்டில், ஷிஃப்டில் யாராவது பிடிச்சா, இதை அவங்ககிட்ட சொல்லுங்க.