கழிவில் போன குரோமியம்

நிலக்கரிச் சாம்பலிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுக்க அமெரிக்கா முதலிய நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. எண்ணூரிலும் மேட்டூரிலும் சாம்பல் குவிந்து கிடப்பதால் நமக்கும் அந்த ஆசை வருவது இயல்பே. ஆனால் கழிவிலிருந்து உலோகத்தை மீட்கும் பாடத்தை நம் வேலூர், ஆம்பூர் வட்டாரம் முன்பே படித்துவிட்டது. பாதிப் பாடத்தில் தேர்ச்சி, மீதிப் பாதியில் தோல்வி.

அந்த உலோகம் குரோமியம். 1797-ல் சைபீரியாவின் சிவப்பு ஈயத் தாதுவில் இதைக் கண்டவர் வோக்லேன் என்ற பிரெஞ்சுக்காரர். நார்மண்டியைச் சேர்ந்தவர். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இரசாயனப் பாடத்தில் அவர் பெயர் பழக்கம். உப்புக்கு உப்பு நிறம் மாறுவதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. மாணிக்கத்தின் சிவப்பும் இதன் உபயம்தான்.

நம் பக்கம் அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோம் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் முயன்று காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் குரோம் முறை வேகமாகப் பரவியது. ஓரிரு நாளில் தோல் நீல நிறத்தில் வெளிவந்துவிடும்.

ஆனால் போடுகிற குரோம் உப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு போய்விடும். அதை மீட்கும் வழியை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆலைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. குரோம் தண்ணீரை மட்டும் தனியே பிடித்து மக்னீசியம் ஆக்சைடு கலந்தால், குரோமியம் சேறாக அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடும் உப்பு. மற்றக் கழிவுநீரோடு கலக்கும் முன்பே பிடித்துவிட வேண்டும். கலந்துவிட்டால் காசு கரியாகிவிடும். இது தேர்ச்சி.

தோல்வி ராணிப்பேட்டையில். அங்கே சிப்காட்டில் குரோம் உப்புகள் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். தோல் ஆலைக் குரோமியத்தைவிடப் பன்மடங்கு கொடிய ஆறிணைதிறக் குரோமியம் அதில் இருந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதாகத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அந்த அபராதம் எம்மாத்திரம்?

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வரவோடு செலவையும் பார்த்துத்தான் பழக்கம். ஒரு டன் சாம்பலில் அரிய உலோகம் சில நூறு கிராம்தான் தேறும். மிச்சம் முழுவதும், எடுக்கப் பயன்பட்ட அமிலத்தோடு, யார் தலையில் விழும்? சாம்பலில் தங்கம் இருக்கிறது என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.