சான்றுப் பொருத்தம் – சங்ககால வரலாற்றில்

ஒரு செய்தியின் மெய்ம்மையை, அதனோடு தொடர்பில்லாத பிறிதொரு சான்றைக் கொண்டு உறுதிசெய்யும் முறை சான்றுப் பொருத்தம் எனப்படும். நீதி ஸ்தலங்களில் சாட்சியத்தை எடைபோடப் பயன்பட்டு வந்த இம்முறை, ஆண்டுக் குறிப்பு யாதும் இல்லாத சங்கப் பாடல்களினின்று சரித்திரம் எழுதப் புகுந்த அறிஞர்களுக்கும் இன்றியமையாத கருவியாயிற்று.

முதலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது கயவாகு ஒப்புமை. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்கு எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூற, மகாவம்சத்தின் அரசர் வரிசைப்படி முதலாம் கஜபாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டினன் ஆதலின், வி. கனகசபைப் பிள்ளை முதலியோர் இவ்விரண்டையும் இணைத்துச் சங்க காலத்தையே வரையறுத்தனர். ஆயினும் அவ்வரசனது சேரநாட்டு யாத்திரையைப் பற்றி மகாவம்சத்தில் ஒரு சொல்லும் இல்லை. பெயர் ஒன்றுபட்டதேயன்றி நிகழ்ச்சி ஒன்றுபடவில்லை. எனவே இதனை நல்லதோர் ஊகம் என்ற அளவிலேயே கொள்ளுதல் தகும்.

இதனினும் உறுதி வாய்ந்தது அதியமான் பற்றிய பொருத்தம். அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பெற்ற எல்லைப்புற நாடுகளை எண்ணுமிடத்து, சோழ பாண்டியரோடும் கேரளபுத்திரரோடும் சதியபுத்திரர் என்பாரையும் குறிக்கிறார். இவர் யாவர் என்பது நெடுங்கால விவாதம். காஞ்சி என்றும், சத்தியமங்கலம் என்றும், கோசர் என்றும் பலர் பலவாறு கூற, அதியமான் மரபினரே என்று கொண்டவரும் உளர். 1981இல் திருக்கோவலூருக்கு அண்மையில், ஜம்பை என்னும் ஊரின் குன்றிலுள்ள குகையொன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. ஒற்றை வரியே உடைய அக்கல்வெட்டு, சதியபுதோ என்ற பட்டம் தாங்கிய அதியன் நெடுமான் அஞ்சி அவ்வுறைவிடத்தை ஈந்தான் என்று தெரிவிக்கிறது. தகடூர்த் தலைவனான அஞ்சியின் கொடை கோவலூர்ப் பக்கம் அமைந்தது ஏன் என்ற வினாவுக்கும் விடை உண்டு: அவன் கோவலூரை வென்றதனை ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். மௌரியச் சக்கரவர்த்தியின் சாசனமும், குகைப் பாறையும், ஏட்டில் வழிவழி வந்த செய்யுளும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டன அல்ல. அவற்றின் உடன்பாட்டுக்கு வலிமை தருவது இத்தனித்தன்மையே. புகழூர்க் கல்வெட்டில் வரும் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் பதிற்றுப்பத்தோடு இயைவதும் இவ்வகையினதே.

பொருத்தம் தான் தொட்ட பகுதியை மட்டுமே உறுதிசெய்யும் என்பதை ஆராய்ச்சியாளர் பலகாலும் மறந்துவிடுகின்றனர். அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் சொல்கின்றன. எனினும் இரண்டும் ஒரே புலமை மரபிற் பிறந்தவை. ஆதலின் அஞ்சி வாழ்ந்தது சரித்திரமாக நிலைபெற்றதாயினும், நெல்லிக்கனி வரலாறு, சார்பற்ற சான்று ஒன்று கிடைக்குமளவும், இலக்கியச் செய்தியாகவே நிற்கும்.