முத்தும் நெல்லும்: மன்னார் தரும் படிப்பினை

உலகம் விரும்பும் ஏற்றுமதிப் பொருள் இருந்தும் ஒரு பிரதேசம் வளம் பெறாதிருத்தல் கூடுமா? கூடும் என்பதற்கு மன்னார் சான்று.

1905இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பினால் அரசு பெற்ற வருவாய் சுமார் 25 இலட்சம் ரூபா. சிப்பியில் மூன்றில் இருபங்கு அரசுக்கு, எஞ்சியதே குளித்தோருக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விலைபோய்ப் பணம் கொழும்புத் திறைசேரியைச் சேர்ந்தது. 1906இல் முத்துப்படுக்கைகள் ஆங்கிலக் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின் சிப்பி அருகியது. 1925 வரை குளிப்பே நிகழவில்லை. நீரோட்டமும் பகைமீன்களும் சிப்பிக்குஞ்சுகளை அழித்தல் அக்கடலின் இயல்பு. நிலையற்ற அவ்வருவாயை நிலையான உற்பத்திக்கு முதலாக்கியிருத்தல் வேண்டும்.

அம்முதலை வேண்டி நின்றது மன்னார்ப் பெருநிலத்து வயல். தேக்கம் அணை அருவியாற்று நீரை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்கு அனுப்புகிறது. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பழங்குளத்தைத் திருத்தினர். எனினும் மழை பொய்த்தால் சிறுபோகம் சுருங்கும். விளைந்ததைக் கொண்டுசெல்லப் பாதையும் வேண்டும். 1914இல் தலைமன்னாரை எட்டிய இருப்புப்பாதையோ போரினால் 1990இல் தடைப்பட்டு, 2015இலேயே இறங்குதுறை வரை மீண்டது.

ஆகவே, தடை பொருளின்மையன்று. ஈட்டிய செல்வம் ஈட்டிய மண்ணின் நீருக்கும் பாதைக்கும் திரும்பாமையே தடை. புதிய ஏற்றுமதித் திட்டம் எதனையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் தகும்.