பொருளிலிருந்து குறிக்கு: கூட்டல் கற்பித்த வரலாறு

கூட்டல் என்பது குழந்தைக்கு முதலில் செயல், பின்னரே குறி. இரண்டு புளியங்கொட்டையோடு மூன்றைச் சேர்த்து, ஐந்து என்று எண்ணிக் கண்ட பிள்ளைக்கே 2+3=5 என்பது பொருள்படும். இவ்வுண்மை கல்விமுறையாக வளர்ந்த வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியறிஞர் பெஸ்டலாட்சி (1746–1827), 1801இல் வெளியிட்ட நூலில், பட்டாணி, கூழாங்கல் போன்ற பொருள்களைக் கொண்டே எண்ணறிவைத் தொடங்க வேண்டும் என்றார். இக்கருத்துக்கு நுட்பமான கருவிகள் அமைத்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1907இல் ரோமாபுரியின் ஏழையர் பகுதியொன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார்.

அவர் முறையில் தனிமணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. 27உடன் 15ஐக் கூட்டும் பிள்ளை, மூன்று கம்பியும் பன்னிரண்டு தனிமணியும் காண்கிறது. பத்து மணியைக் கொடுத்து ஒரு கம்பி வாங்குகிறது. நான்கு கம்பி, இரண்டு மணி: விடை 42. ‘இரண்டு போட்டு மீதி ஒன்று’ என்று ஒப்பிக்கும் பிள்ளையோ, அந்த ஒன்று உண்மையில் பத்து என்பதை உணராமலே விடை எழுதிவிடலாம். பெரிய எண்கள் வரும்போது அக்குறை வெளிப்படும்.

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

அவர் வந்து சேர்ந்த தமிழகத்தின் எண்முறையிலும் இக்கருத்துப் பண்டே உண்டு. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱ எனத் தனிக்குறிகள் வழங்கின. 42ஐ ௪௰௨ என எழுதினர். நாற்பத்திரண்டு என்னும் சொல்லே நான்கு பத்தும் இரண்டும் எனப் பிரிந்து நிற்கிறது. பத்துகளின் பெயர்களில் தொண்ணூறு ஒன்றே விலகியது. அதில் ‘நூறு’ ஒலிப்பதால் பிள்ளை மயங்கக்கூடும். ஆங்கே ஒன்பது கம்பிகளை எண்ணச் செய்தல் நலம்.

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கணிதமும் 1980களில் பொருள், படம், குறி என்னும் வரிசையை மேற்கொண்டது. விலையுயர்ந்த கருவி இல்லாத வகுப்பிலும் இது இயலும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள் போதும். கட்டை அவிழ்த்தும் மீண்டும் கட்டியும் பழகிய பிள்ளைக்கு ‘மீதி ஒன்று’ வெறுஞ்சொல் ஆகாது.