தென்னாப்பிரிக்காவின் தேசியத் தகுதிச் சட்டகம்

தென்னாப்பிரிக்காவில் பள்ளிச் சான்றிதழ் முதல் முனைவர் பட்டம் வரையிலான எல்லாக் கல்வித் தகுதிகளையும் ஒரே ஏணியில் நிலைவாரியாக வரிசைப்படுத்தும் ஏற்பாடு தேசியத் தகுதிச் சட்டகம் எனப்படுகிறது. 1995ஆம் ஆண்டின் 58ஆம் எண் சட்டத்தால் எட்டு நிலைகளுடன் தொடங்கிய இது, 2008ஆம் ஆண்டின் 67ஆம் எண் சட்டத்தால் பத்து நிலைகளாக மாற்றப்பட்டது. பெரும்பாலான நாடுகளில் இத்தகைய சட்டகங்களை வரைபவர்கள் கல்வித்துறை அதிகாரிகளே. தென்னாப்பிரிக்காவிலோ அதன் கரு உலோகத் தொழிலாளர் சங்கத்தில் உருவானது. சான்றிதழ் இல்லாத தொழிலாளியின் திறமைக்கு மதிப்புக் கேட்ட அந்தக் கோரிக்கை, பல்கலைக்கழக வாசலை எட்டியபோது என்ன ஆனது என்பதே இந்த வரலாற்றின் மையமான கேள்வி.

பின்னணி

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1948இல் அரசுக் கொள்கையாவதற்கு முன்பே, சான்றிதழ் ஒரு தடுப்புச் சுவராகப் பயன்பட்டது. 1922ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தோலின் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தொழில் பழகச் சேர்பவர் குறிப்பிட்ட வகுப்பு வரை பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்த வகுப்பை எட்ட முடிந்த காலம் அது. எனவே ஃபிட்டர், டர்னர் போன்ற வேலைகள் நடைமுறையில் வெள்ளையருக்கு உரியவையாயின. கறுப்பினத் தொழிலாளி அதே இயந்திரத்தை இருபது ஆண்டுகள் இயக்கினாலும் பதிவேட்டில் ‘உதவியாள்’ நிலையைத் தாண்டுவது அரிது. 1981இல் வந்த மனிதவளப் பயிற்சிச் சட்டமே பழகுநர் பயிற்சியை அவர்களுக்குத் திறந்தது.

பள்ளியும் பல்கலைக்கழகமும் இதே வழியில் பிரிக்கப்பட்டன. 1953இன் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினத்தவருக்குத் தனிப் பாடத்திட்டத்தை வகுத்தது. 1959இன் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம் இனத்துக்கு ஒரு கல்லூரி என்ற முறையைக் கொண்டுவந்தது. இந்தியருக்கான பல்கலைக்கழகக் கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில் திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் படகேறிச் சென்று படித்த கல்லூரி இது. பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2004இல் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது நாட்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட தனித்தனிக் கல்வித் துறைகள் இருந்தன. ஒன்று தந்த சான்றிதழை மற்றொன்று எப்படி மதிப்பது என்பதற்குப் பொது அளவுகோல் இருக்கவில்லை.

தொழிற்சங்கத்தின் கோரிக்கை

1973இல் டர்பனில் ஒரு செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரெங்கும் பரவியது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த புதிய தொழிற்சங்கங்களில் ஒன்று, 1987இல் உருவான உலோகத் தொழிலாளர் தேசியச் சங்கமான நும்சா. ஊதிய உயர்வு மட்டும் கேட்டால் கறுப்பினத் தொழிலாளி கீழ்ப்படியிலேயே நிற்பார் என்று இச்சங்கம் கண்டது. பயிற்சி, பணித்தரம், ஊதியம் மூன்றும் ஒன்றோடொன்று இணைய வேண்டும், வேலையில் கற்றுக்கொண்டது முறையான தகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும், அந்தத் தகுதி எந்த ஆலையிலும் செல்ல வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். ஆஸ்திரேலிய உலோகத் தொழிற்சங்கங்கள் இதே வழியில் நடத்திய ஊதியச் சீரமைப்பு அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது.

1991இல் அரசின் தேசியப் பயிற்சி வாரியம் ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. தங்களைக் கலந்துகொள்ளாமல் தயாரித்தது என்று சங்கங்கள் அதை ஏற்க மறுத்தன. 1992இல் சங்கங்கள், முதலாளிகள், அரசு, கல்வியாளர் அடங்கிய புதிய பணிக்குழு அமைந்தது. அதன் கீழ் இயங்கிய செயற்குழுக்களில் ஒன்றே எட்டு நிலைகள் கொண்ட ஒற்றைச் சட்டகத்தை முன்மொழிந்தது. 1990இல் நியூசிலாந்து தொடங்கிய சட்டகத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். முதலாளிகளும் இதை ஆதரித்தனர். அவர்களுக்கு வேண்டியது உலகச் சந்தையில் போட்டியிடும் திறன் கொண்ட தொழிலாளர். சங்கங்களுக்கு வேண்டியது நீதி. எதிரெதிர்த் தரப்புகள் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே வரைபடத்தில் கையெழுத்திட்டன. பிற்காலத்தில் எழுந்த பல சிக்கல்களின் விதை இந்த எளிதான உடன்பாட்டிலேயே இருந்தது எனலாம்.

சட்டமும் தரநிலைகளின் காடும்

1995 அக்டோபரில் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. சாக்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆணையம் அதன் கீழ் அமைந்தது. கல்வியும் பயிற்சியும் பன்னிரண்டு துறைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேசியத் தரநிலைக் குழு, அதன் கீழ்த் தரநிலைகளை எழுதும் பல குழுக்கள், தரத்தைச் சோதிக்கத் தனி அமைப்புகள் என்று பெரிய கட்டமைப்பு எழுந்தது. கற்கும் நேரத்தை அளக்க, பத்து மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட் என்று வகுக்கப்பட்டது. ஓராண்டு முழுநேரப் படிப்பு 120 கிரெடிட்.

சட்டகத்தின் அடிப்படை ‘அலகுத் தரநிலை’ என்ற கருத்து. கற்றவர் எங்கே, எப்படி, எவ்வளவு காலம் கற்றார் என்பது முக்கியமன்று. இறுதியில் என்ன செய்ய முடிகிறது என்பதைத் துண்டு துண்டாக எழுதி வைத்தால் போதும், அதை யார் எங்கே கற்றிருந்தாலும் சோதித்துச் சான்றளிக்கலாம் என்பது நம்பிக்கை. வெல்டிங் செய்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் இது பொருந்தும்போல் தோன்றியது. ஆனால் ஒரு திறமையைச் சொற்களில் துல்லியமாக எழுத முயன்றால் அந்தச் சொற்களை விளக்க இன்னும் சொற்கள் தேவைப்படும். பதிவான அலகுத் தரநிலைகள் பத்தாயிரத்தைத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழ் ஒருவர்கூடச் சான்றிதழ் பெறவில்லை என்பதை ஆய்வாளர் ஸ்டெஃபனி அலே சுட்டிக்காட்டினார். தரநிலை எழுதக் கூட்டங்கள் நடந்தன. பாடம் நடத்த ஆசிரியரும் பட்டறையும் பல இடங்களில் இல்லை.

பல்கலைக்கழகங்களின் மறுப்பு

சாக்கா சட்டம் உயர்கல்வியையும் உள்ளடக்கியது. பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக எதிர்த்து வெளியேறவில்லை. தங்கள் பட்டங்களைப் பதிவு செய்தன, ஆனால் அவற்றை அலகுகளாக உடைக்க மறுத்தன. இயற்பியலோ வரலாறோ ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும் அறிவு, அதைத் தனித்தனி விளைவுகளாக வெட்டினால் மிஞ்சுவது பட்டியல்தான் என்று அவை வாதிட்டன. சாக்கா விட்டுக்கொடுத்தது. ‘முழுத் தகுதி’ என்ற வகையிலும் பதிவு செய்யலாம் என்ற வழி பிறந்தது. பட்டம் அப்படியே இருந்தது. பதிவுப் படிவத்தில் விளைவுகள் என்ற தலைப்பு சேர்ந்தது.

இந்த மறுப்பில் தன்னலமும் இருந்தது, உண்மையும் இருந்தது. தன் அதிகாரத்தை வெளியார் குழுவிடம் ஒப்படைக்க எந்தப் பல்கலைக்கழகமும் விரும்பாது. அதே சமயம் பள்ளிகளில் இதே விளைவுசார் கொள்கையில் 1998இல் நடைமுறைக்கு வந்த ‘பாடத்திட்டம் 2005’ பட்ட பாடு அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. நூலகமும் பயிற்சியும் இல்லாத ஏழைப் பள்ளிகளே அதனால் அதிகம் தவித்தன. இது தோற்கும் என்று கல்வியாளர் ஜோனதன் ஜான்சன் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். 2000இல் லிண்டா சிஸோம் தலைமையிலான குழு அதைத் திருத்தப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே கல்வித் துறையும் தொழிலாளர் துறையும் சட்டகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 2002இல் ஓர் ஆய்வுக் குழுவின் அறிக்கை, 2003இல் ஒரு கலந்தாய்வு ஆவணம் என்று வந்தும், இரு அமைச்சர்களும் கூட்டுக் கொள்கை அறிக்கை வெளியிட 2007 வரை ஆனது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றை ஏணியை மூன்று துணைச் சட்டகங்களாகப் பிரித்தது. பள்ளிக்கு உமலூசி, உயர்கல்விக்கு உயர்கல்வி மன்றம், தொழில்சார் தகுதிகளுக்குத் தனி மன்றம். ஒன்றுபடுத்தும் கனவோடு தொடங்கிய திட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் ஓரளவு செயல்படத் தொடங்கியது.

உயர்கல்வித் துணைச் சட்டகம்

உயர்கல்விக்கான சட்டகம் 2007 அக்டோபரில் ஒன்பது வகைத் தகுதிகளுடன் அரசிதழில் வெளியானது, 2013இல் திருத்தப்பட்டது. உயர்சான்றிதழ் 5ஆம் நிலை, டிப்ளமா 6, இளநிலைப் பட்டம் 7, ஆனர்ஸ் 8, முதுநிலை 9, முனைவர் 10. பழைய எட்டு நிலைகளில் உயர்கல்விக்கு இடம் போதாமல் பட்டங்கள் நெருக்கியடித்து நின்றதே நிலைகளைப் பத்தாக்கியதற்குக் காரணம்.

இம்மாற்றத்தின் சுமையை அதிகம் தாங்கியவை டெக்னிகான்கள் எனப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகளின் வழிவந்த பல்கலைக்கழகங்கள். மூன்றாண்டு தேசிய டிப்ளமாவுக்கு மேல் ஓராண்டு படித்தால் அங்கே பி.டெக். கிடைத்தது. புதிய சட்டகத்தில் அந்தப் பட்டத்துக்கு இடமில்லை. அதன் இடத்தில் 7ஆம் நிலையில் மேல்நிலை டிப்ளமாவும், அதன்பின் 8ஆம் நிலையில் முதுநிலை டிப்ளமாவும் வந்தன. ஒரு படியில் ஏறிய இடத்தை இரண்டு படிகளில் ஏற வேண்டியதாயிற்று. பழைய படிப்புகளில் புதிய மாணவரைச் சேர்க்க 2019 டிசம்பர் 31 கடைசி நாள். பாடத்திட்டங்கள் புதிதாக எழுதப்பட்டு ஒவ்வொன்றாக ஒப்புதல் பெற்றன.

முன்கற்றலுக்கான அங்கீகாரம்

நும்சா கேட்டதன் சாரம், வேலையில் கற்றதற்கும் மதிப்பு என்பதே. இதற்கான தேசியக் கொள்கை 2002இல் வந்து 2013இல் திருத்தப்பட்டது. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவர் தன் அனுபவத்தை ஆவணத் தொகுப்பாக அளித்து, தேர்வு அல்லது நேர்காணல் மூலம் பட்டப்படிப்பில் சேரலாம். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. எனினும் உயர்கல்வி மன்றம் 2016இல் வெளியிட்ட கொள்கை, ஒரு படிப்பில் சேரும் மாணவர் தொகுதியில் இவ்வழி வருபவர் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், ஒரு தகுதிக்கான கிரெடிட்டுகளில் பாதிக்கு மேல் முன்கற்றலுக்காக விலக்கு அளிக்கக் கூடாது என்றும் வரம்பிட்டது. தரம் நீர்த்துவிடும் என்ற அச்சம் இதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒருவரின் அனுபவத்தைத் தனியாக மதிப்பிட ஆசிரியர் செலவிடும் நேரமும் பணமும் அதிகம் என்பது நடைமுறைக் காரணம்.

தொழில்சார் துணைச் சட்டகத்தின் பழைய தகுதிகள், 2009க்கு முன் பதிவானவை, 2024 ஜூன் 30உடன் புதிய சேர்க்கையை நிறுத்தின. அவற்றில் படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்க 2027 ஜூன் 30 வரை காலம் தரப்பட்டது. 5ஆம் நிலைத் தொழில்சார் சான்றிதழும் பல்கலைக்கழகத்தின் 5ஆம் நிலை உயர்சான்றிதழும் சட்டப்படி ஒரே படியில் நிற்கின்றன. முதலாவதை வைத்திருப்பவரை அடுத்த படியில் சேர்ப்பதா என்பதை இன்றும் அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது.