கண்ணுக்குத் தெரியாத காயம்

தலையில் அடிபட்டவன் எழுந்து நடந்துவிட்டால், "ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிடுவது நம் வழக்கமாக இருக்கிறது. இரத்தம் வழியவில்லை, எலும்பு முறியவில்லை, பிறகென்ன கவலை? இவ்வெண்ணம் பிழையானது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார் ஒரு பெருமருத்துவர். பாரசீகத்தின் ரை நகரில் கி.பி. 865-ஐ ஒட்டிப் பிறந்த அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ அவர்களே அவர்.

ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அர்ராஸீ, மூளை சிதைந்துபோகும் கடுங்காயம் வேறு, சிதைவு ஏதுமின்றி மூளையின் இயக்கம் மட்டும் குலையும் நிலை வேறு என்று பிரித்தறிந்தார். மூளையதிர்ச்சி என்று இன்று வழங்குவது இவ்விரண்டாவது நிலையையே. நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதன்றி வேறு துணையில்லாத காலம் அது! இன்றுங்கூட மூளையதிர்ச்சி கண்டவரை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் படத்தில் எதுவும் தென்படுவதில்லை.

அவருடைய குறிப்புகளை மாணாக்கர்கள் தொகுத்த 'அல்ஹாவீ' என்னும் பெருநூல், 1279-இல் சிசிலியில் இலத்தீனுக்குச் சென்றது. பாரசீக முஸ்லிம் எழுதியதை யூத அறிஞர் ஃபரஜ் இப்னு ஸாலிம் பெயர்த்துத் தர, கிறிஸ்தவ மன்னர் சார்லஸ் கேட்டுப் பெற்றார் என்பது நினைவுகூரத் தக்கது. 1296-இல் பாரிஸில் தம் அறுவை மருத்துவ நூலை முடித்த லான்ஃபிராங்கும், மண்டை உடையாமலே மூளை குலுங்குவதுண்டு என விளக்கினார்.

நோயை அறிந்த உலகம், தடுக்க முனைந்ததோ மிகப் பிந்தித்தான். 1935 மே 13-இல், அரபு நாடுகளில் ஆங்கிலேயருக்காக உழைத்த டி.இ. லாரன்ஸ் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிலிருந்து வீசியெறியப்பட்டு, ஆறாம் நாள் மாண்டார். (அரபியருக்கு அவர் நண்பரா என்பது தனி வழக்கு, இங்கு வேண்டாம்.) அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அம்மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசத்துடன் அடிபட்டவர்களாக அவர் கண்டது ஏழு பேரை மட்டுமே; எழுவரும் பிழைத்திருந்தனர். ஆயினும் பிரிட்டனில் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமானது 1973-இல்தான். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1988-இல் இடம்பெற்ற விதி, பின்னால் அமர்பவரையும் சேர்த்தே கூறுகிறது. பின்னிருக்கையில் தாயும் குழந்தையும் வெறுந்தலையுடன் செல்வதை நாள்தோறும் காண்கிறோம்.

தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முற்றிலும் நிறுத்தாது. ஆதலால் அடிபட்ட பின் தலைவலி, மயக்கம், குழப்பம், மறதி கண்ட பிள்ளையை அன்றே மீண்டும் ஆட விடலாகாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. பிறகு சிறு நடை, பாடம் எனப் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்புதல். மருத்துவர் இசைந்த பின்பே விளையாட்டு. இருட்டறையில் நாட்கணக்கில் கிடத்திவைக்கும் பழைய முறையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்தாலோ, எழுப்பியும் தெளியாத உறக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.