காணாமற்போன மூவர்: ஒரு திகில் படம் இளையோரை ஈர்த்த வரலாறு



'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' எனும் திகில் படத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை பயின்ற டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் 1997-இல் மேரிலாந்துக் காட்டில் ஏறத்தாழ எட்டு நாள்களில் அதனைப் படமாக்கினர். சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்ற மூன்று மாணவர்கள் காணாமற்போகின்றனர். அவர்களின் ஒளிப்பதிவு மட்டும் கிடைக்கிறது. கதை அவ்வளவே. சூனியக்காரி திரையில் ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை!

பெரிய நட்சத்திரங்களும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே, 1998-இல் அகப்பக்கம் ஒன்றைத் திறந்தனர். போலி நாட்குறிப்பு, காவல்துறையின் படங்கள் எனக் கட்டுக்கதை யாவும் அங்கு மெய்ச்சான்றுகளாக வைக்கப்பட்டன. 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 'காணவில்லை' என்ற துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன. பின்னர் கல்லூரி வளாகங்களிலும் அவை ஒட்டப்பட்டன. நடிகர்கள் மூவரும் தம் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்தனர். எனவே, படம் வெளிவரும்வரை பொதுமக்கள் கண்ணில் படாதவாறு அவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டனர். இணையம் பொய் சொல்லும் என்பதை இளையோர் பலர் அன்று எண்ணிப் பார்த்ததில்லை.

உலகளவில் வசூல் ஏறத்தாழ 24.8 கோடி டாலர். இதனை விளம்பரத் திறமை என்று மட்டும் பாராட்ட என் மனம் ஒப்பவில்லை. நடிகையின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தனவாம், மகள் உயிரோடிருக்கையிலேயே! 2024-இல் அம்மூவரும் தங்களுக்குரிய ஊதியப் பங்கைத் தருமாறு பட நிறுவனத்திடம் பகிரங்கமாகக் கேட்டனர்.